அகச்சிவப்பு லேசர் நிறமாலையியல் (விண்வெளி ஆய்வு)

அகச்சிவப்பு லேசர் ஒளியை மண்ணிலோ வாயுவிலோ செலுத்தி, அதில் என்னென்ன தனிமங்களும் மூலக்கூறுகளும் உள்ளன என்று கண்டறியும் முறை. மண்ணைச் சுட்டு ஆவியாக்கிப் பார்ப்பது ஒரு வழி. வாயுவுக்குள் ஒளியைப் பாய்ச்சி எந்த அலைநீளம் உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது மற்றொன்று.

முதல் வழிக்கு இந்தியச் சான்று, சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவரில் இருந்த ‘லிப்ஸ்’ கருவி. இதை உருவாக்கிய இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம், ஆரியபட்டா செயற்கைக்கோள் உருவான பெங்களூரு பீன்யாவில் இயங்குகிறது. 26 கிலோ எடையுள்ள ரோவரில் ஒரு கருவிக்குக் கிடைக்கும் இடமும் மின்சாரமும் சொற்பம். லேசரின் ஒவ்வொரு துடிப்பும் சில நானோநொடிகளே நீடிக்கும். அதற்குள் ஆற்றல் முழுவதும் ஒரு புள்ளியில் இறங்குவதால் மண் பிளாஸ்மாவாகிறது. அது குளிரும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளிர்கிறது. சுடுவது அகச்சிவப்பு, நிறமாலைமானி படிப்பதோ புறஊதா, கட்புல ஒளி. முதலில் எழும் வெண்ணொளி தனிமக் கோடுகளை மறைப்பதால், அது அடங்கிய பிறகே பதிவு செய்ய வேண்டும். நிலவில் காற்றில்லை, பிளாஸ்மா சட்டென்று விரிந்து மங்கிவிடும். ஆகவே ஏறத்தாழ ஒரு சாண் தூரத்திலிருந்தே சுட்டார்கள். செவ்வாயின் மெல்லிய காற்றில், கியூரியாசிட்டி ரோவரின் கெம்கேம் கருவி 7 மீட்டர் வரை சுடுகிறது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கி மோதியபோது, அதிலிருந்த லிப்ஸ் கருவியும் போயிற்று. 2023 ஆகஸ்ட் 23இல் தரையிறங்கிய சந்திரயான்-3, தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. அலுமினியம், கால்சியம், இரும்பு, குரோமியம், டைட்டானியம், மாங்கனீசு, சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவையும் தென்பட்டன. ஆக்சிஜன் என்றதும் சிலர் மூச்சுக்காற்றை நினைத்துக்கொண்டார்கள். அது கனிமங்களில் கட்டுண்ட ஆக்சிஜன்.

இரண்டாம் வழியில் லேசரே பெரும்பாடு. மீத்தேன் வலுவாக உறிஞ்சும் 3.27 மைக்ரான் பகுதியில் ஒளிரும் குறைக்கடத்தி லேசர் கடையில் கிடைக்கவில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமே உருவாக்கியது. கியூரியாசிட்டியில் சுமார் 20 செ.மீ. நீளக் குழாயில் ஆடிகளுக்கிடையே ஒளி 81 முறை குறுக்கே பாய்ந்து, ஏறத்தாழ 17 மீட்டர் பாதையைக் கடக்கிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான மீத்தேனை அப்படித்தான் பிடித்தார்கள். 2013இல் ஏவிய மங்கள்யானின் மீத்தேன் உணரியில் லேசர் கிடையாது. செவ்வாயில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியையே நம்பியிருந்தது.

இத்தகைய கருவிகளுக்கு எவ்வளவு எடை கிடைக்கும் என்பது ஏவுதளத்தையும் பொறுத்தது. உடன்குடியை அடுத்த குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 500 கிலோ வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கான தளம் அது. தெற்கே திறந்த கடல் என்பதால் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை; மிச்சமாகும் எரிபொருளுக்கு ஈடாகக் கருவிகளை ஏற்றலாம். ஆனால் நிலவுக்கும் செவ்வாய்க்கும் போகும் கலங்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பும்.