பொன்மலைத் திடல் வந்த வழி

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பணிமனை இடம் பெயராமல் இருந்திருந்தால் பொன்மலை என்று இன்று நாம் பார்க்கும் ஊரே உருவாகியிருக்காது. ஜி கார்னர் மைதானமும் இருந்திருக்காது. ஆகவே அந்தத் திடலின் கதையை நாகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே திருச்சியைத் தொட்டது. பாதையைப் போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1874இல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. மறுவருடம் திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரைப் பக்கம் பாதை நீண்டது. எங்கள் ஊரான வையம்பட்டி வழியாகப் போகிற பாதை அதுதான். ரயில்பாதை தெற்கே எத்தனையோ தூரம் போன பிறகும், எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுது பார்க்கும் பணிமனை மட்டும் கடலோரத்திலேயே இருந்தது. 1926க்கும் 1928க்கும் இடையில்தான் அது லேத்து, உலை, ஆட்கள் சகிதமாகத் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது.

வந்து சேர்ந்த இடம் நகருக்குத் தென்கிழக்கே பொன்மலை என்ற ஒரு சிறு பாறைக் குன்றின் பக்கம். 1753இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளும் மோதிக்கொண்ட பாறை அது. சண்டை முடிந்து ஏறக்குறைய நூற்றெழுபது வருடம் அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. பணிமனை வந்ததும் எல்லாம் மாறியது. தொழிலாளர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை என்று ஒரு முழு ஊர் எழுந்தது.

அந்த ஊர் சுகமாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணிமனை மாறும்போதே ஆட்குறைப்பு வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்ற சிங்காரவேலர் சிறைக்குப் போனார். நாகையில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களும், வேலை போய்விடுமோ என்று பயந்தவர்களும், புதிதாகச் சேர்ந்த சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பணிமனையின் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே சங்குக்கு வீடு திரும்பினார்கள். மாலைச் சங்கு ஊதிய பிறகு இவர்கள் எல்லோரும் கலந்து நிற்க ஓர் இடம் வேண்டுமல்லவா? ரயில்வே நிலத்தில் வெட்டவெளிகள் நிறைய இருந்தன. பந்து வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்ட வெளிகளில் பெரியது ஜி கார்னர். சரளை கலந்த செம்மண் தரை. புல் என்று சொல்லிக்கொள்ள மழைக்காலத்தில் கொஞ்சம் முளைக்கும், தையில் காய்ந்துவிடும். நெருஞ்சி மட்டும் எந்தக் காலத்திலும் குறையாது. அங்கே வழுக்கி விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும், ஆனாலும் எழுந்து ஓடத்தான் தோன்றும். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது பெரிய வியப்பு. காரணம், எங்களுடைய மைதானம் ஏரி. கோடையில் ஏரி வற்றினால் ஆட்டம், ஐப்பசியில் தண்ணீர் வந்தால் ஆட்டம் இல்லை. வருஷம் பூராவும் தரையாகவே இருக்கிற ஒரு மைதானத்தை நாங்கள் பொன்மலையில்தான் கண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறிவிடுவோம். மணப்பாறையில் இன்னும் இரண்டு மூன்று பேர் ஏறுவார்கள், கூடவே முறுக்குப் பொட்டலமும் ஏறும். திருச்சி ஜங்ஷனில் இறங்கி நடை. பூட்ஸ் வைத்திருந்தவன் அணியில் ஒருவன்தான். மற்றவர்கள் வெறுங்கால். எதிரே நிற்கும் ரயில்வே காலனிப் பையன்களில் பாதிப் பேரும் வெறுங்கால்தான் என்று பார்த்ததும் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

நாங்கள் ஆடிய பந்தைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தோல் பந்து, உள்ளே ரப்பர் பிளாடர், வாயில் நாடா. காற்றடித்த பிறகு பிளாடரின் குழலை மடித்து நூலால் கட்டி உள்ளே திணித்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு சரியாக உட்காரவில்லையென்றால் தலையால் முட்டுகிறவனின் நெற்றியில் தடம் பதியும். ஒரு மழை நாளில் தோல் நீரைக் குடித்துக் கனத்துப்போனதும், உதைத்தால் பத்தடி தாண்டாமல் சப்பென்று விழுந்ததும் நினைவிருக்கிறது. தையல் விட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொண்டு போவோம். அவர் மெழுகு தடவிய நூலால் ஒட்டுப் போட்டுத் தருவார். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட பந்து ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்துதான் போகும். அந்த வளைவு யாருக்குப் பழக்கமோ அவன்தான் ஃப்ரீ கிக் எடுப்பான்.

ரெஃப்ரியாக நின்றவர் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில் ஊதுவார். ஆஃப்சைடு என்று நாங்கள் சண்டைக்கு நின்றால் குரலை உயர்த்த மாட்டார். "தம்பி, நான் முப்பது வருஷம் மில்லிமீட்டர் பார்த்தவன். கோட்டை நான் பார்த்துக்கிறேன், நீ பந்தைப் பாரு" என்பார். அதற்கு மேல் பேச எங்களிடம் எதுவும் இருக்காது.

ரயில்வே பணிமனையும் கால்பந்தும் சேர்வது பொன்மலைக்கு மட்டும் வாய்த்ததல்ல. உலகமே பெயர் அறிந்த மான்செஸ்டர் யுனைடெட் அப்படிப் பிறந்ததுதான். 1878இல் இங்கிலாந்தின் லங்காஷயர் அண்டு யார்க்‌ஷயர் ரயில்வேயில், நியூட்டன் ஹீத் பணிமனையின் பெட்டி, வாகன் பிரிவுத் தொழிலாளர்கள் ஓர் அணியைச் சேர்த்தார்கள். நார்த் ரோடு என்ற இடத்தில் ஆடினார்கள். ஒரு பக்கம் கட்டாந்தரை, மறுபக்கம் மழை பெய்தால் சேற்றுக்குட்டை. பக்கத்துப் பாதையில் எஞ்சின் போனால் நீராவி மூட்டம் மைதானத்தையே மறைத்துவிடும். உடை மாற்ற அறை கிடையாது. தூரத்தில் இருந்த ஒரு மதுக்கடையில் மாற்றிக்கொண்டு தெரு வழியாக நடந்து வருவார்கள். 1893இல் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்தது பேங்க் ஸ்ட்ரீட், பக்கத்திலேயே ரசாயனத் தொழிற்சாலைகள். 1902இல் கடனில் மூழ்கிய கிளப்பைக் கைதூக்கிவிட ஒரு பணக்காரர் வந்தார், பெயரும் மாறியது. 1910இல் ஓல்டு டிராஃபோர்டு. கிளப் கிளம்பிய அதே சமயத்தில் பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்தின் பெரிய மேடை புயற்காற்றில் சரிந்து விழுந்தது. இன்று அந்த இடம் சைக்கிள் பந்தய அரங்கின் வண்டி நிறுத்துமிடம். எதிரே ஒரு வீட்டுச் சுவரில், இங்கே இன்ன அணி ஆடியது என்று ஒரு பலகை இருக்கிறது. கிளப் பணக்காரன் ஆனது, பழைய தரை கார் நிற்கும் இடம் ஆனது. எனக்கு அந்தப் பலகையின் மேல் பெரிய மரியாதை உண்டு.

நம் நாட்டில் ரயில்வேத் தொழிலாளி கால்பந்துக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. 1958இல் கல்கத்தா லீக்கை ஈஸ்டர்ன் ரயில்வே வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று ஜாம்பவான்களின் பிடியிலிருந்து கோப்பையைப் பிடுங்கியது ஒரு தொழிலாளர் அணி. அதே மாதிரி இன்னொரு அணி செய்ய 2019 வரை ஆயிற்று. அந்த ஈஸ்டர்ன் ரயில்வேயின் பி.கே. பானர்ஜிதான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர். அதே ரோமில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ் அடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோலும் அதுதான். சந்தோஷ் டிராபியை ரயில்வே அணி மூன்று முறை வென்றிருக்கிறது, மூன்றும் அறுபதுகளில். தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை. இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொன்மலைத் திடல்களுக்கு விளையாட்டு மட்டும் வாழ்க்கை அல்ல. சங்கத்திடல் என்று இன்னொரு வெளி அங்கே உண்டு. 1946இல் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 5 அன்று, மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிலாளர்கள் கூடுகிறார்கள். தொழிலாளி ஊரில் வெட்டவெளி என்பது ஆட்டத்துக்கும் உரிமைக்கும் பொதுவான இடம். அதனால்தான் ஒரு திடலை யாராவது 'காலி இடம்' என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஜி கார்னரின் அடுத்த அவதாரம் அரசியல். நெடுஞ்சாலையை ஒட்டி, லட்சக்கணக்கில் கூட்டம் கூட்ட வசதியாக அத்தனை பெரிய வெளி திருச்சி நகரில் வேறு எங்கே கிடைக்கும்? 2010 ஆகஸ்ட் 14இல் ஜெயலலிதா இங்கே பேசினார். 2013 செப்டம்பர் 26இல் நரேந்திர மோடி பேசினார். இரண்டுமே அடுத்து வந்த தேர்தல்களுக்கு முன்னோட்டமாகப் பேசப்பட்ட கூட்டங்கள். தொலைக்காட்சியில் திருச்சி என்றாலே ஜி கார்னர் என்று ஆனது. விளையாட்டு மைதானம் என்ற அடையாளம் பின்னுக்குப் போனது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய கூட்டம் எதுவாக இருந்தாலும், முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் தெரியும். பந்தற்கால் குழிகள், வண்டிச் சக்கரம் கிழித்த பள்ளங்கள், மண்ணுக்குள் புதைந்த ஆணிகள், தண்ணீர் பாக்கெட்டுகள். ஒரு குழியில் கணுக்கால் மடங்கினால் பையனுக்கு ஆறு மாதம் ஆட்டம் போச்சு. கட்சிக்காரர்கள், அதிகாரிகள் யார் மீதும் எனக்குக் கோபமில்லை. மக்கள் கூட இடம் வேண்டும், அது ஜனநாயகத்துக்குத் தேவை. குழியை மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

2020இல் கொரோனா வந்தது. நெருக்கடியான காந்தி மார்க்கெட்டை மூடி, மொத்தக் காய்கறி வியாபாரத்தை ஜி கார்னருக்கு மாற்றினார்கள். மாதக்கணக்கில் அங்கே லாரிகள் நின்றன. நள்ளிரவில் வெங்காய மூட்டை இறங்கும், விடிவதற்குள் வியாபாரம் முடியும். மழை பெய்த நாட்களில் தரை சகதியாகி, முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் மிதிபட்டன. அந்தக் காலத்தில் திருச்சிக்கும் சுற்றுப்புறத்துக்கும் காய்கறி தட்டாமல் கிடைத்ததில் அந்தத் திடலுக்குப் பங்கு உண்டு. ஊர் நெருக்கடியில் மாட்டிக்கொண்டபோது கைகொடுத்தது ஒரு வெட்டவெளி. கட்டடம் கட்டி நிரப்பியிருந்தால் அந்த உதவி கிடைத்திருக்குமா?

எங்கள் அணி அதற்கு வெகு காலம் முன்பே கலைந்துவிட்டது. அகலப்பாதை வந்து பாசஞ்சர் நேரங்கள் மாறின. ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், இருவர் வளைகுடாவுக்கு, ஒருவன் ரயில்வேயிலேயே சேர்ந்து பொன்மலைக்காரன் ஆனான். பையன்கள் கைக்கு கிரிக்கெட் மட்டை வந்துவிட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, திடலில் யாராவது ஓடினால் சரி. இன்றும் ஞாயிறு காலை அந்தப் பக்கம் போனால் நான்கைந்து ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடப்பதைப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னோர் ஆட்டத்தின் பந்தை எடுத்து வீசுவான். ஓர் ஓரத்தில் செருப்பையும் செங்கல்லையும் கோல் கம்பமாக வைத்துக் கால்பந்தும் நடக்கும்.

ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். திடலை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும்போது, குழி மூடித் தரையைச் சமப்படுத்தித் திருப்பித் தருவதையும் நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். இரண்டு நிரந்தரக் கோல் கம்பம், ஒரு குடிநீர்க் குழாய், நெருஞ்சி அகற்ற வருஷத்துக்கு இரண்டு தடவை ஆட்கள், இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மணப்பாறை, வையம்பட்டிப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து ஆடும்படி வருஷத்தில் ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஏரித் தரையில் ஆடிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

பொன்மலையில் ஆடிய பழைய ஆட்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இன்னொரு வேண்டுகோள். உங்கள் பரணிலோ அலமாரியிலோ அணிப் படம் ஏதாவது இருந்தால் இன்றே எடுங்கள். பின்பக்கத்தில் ஆண்டையும், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்களையும் பேனாவால் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.