உறைதலின் வரலாறு

வன்னியின் குளங்களைச் சூழ்ந்து நெல்லையும் கால்நடையையும் நம்பி வாழும் ஊர்களுள் துணுக்காயும் ஒன்று. அத்தகைய ஊர்களில் மாலையிற் காய்ச்சி ஆற்றிய பாலில் உறைமோர் இடுவர். விடியும்போது சட்டியில் தயிர் நிற்கும். சட்டியிலுள்ளது பெரும்பாலும் முன்போல நீரே. ஆயினும் அஃது ஓடாது. எக்கணத்தில் ஓட்டம் நின்றது என்பதே வினா.

உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் வெல்லத்தைப் புளிப்பாக்குகின்றன. புளிப்பு மிக, கேசீன் என்னும் புரதத் துணிக்கைகள் தம்முள் விலக்கும் மின்னேற்றத்தை இழந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அவ்வலை சட்டி முழுவதையும் எட்டியவுடன் பால் களியாகின்றது.

இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த தொமஸ் கிரகாம், 1861இல் அவற்றைக் கூழ்ப்பொருள்கள் எனப் பிரித்துக் காட்டினார். பெயர் கிடைத்தது, கணக்குக் கிடைக்க எண்பது ஆண்டுகள் சென்றன. 1941இல் போல் புளோரி, மும்மூன்று கைகளையுடைய அலகுகள் பிணையும்போது கைகளிற் பாதி இணைந்தவுடனேயே எல்லையற்ற வலை தோன்றும் எனக் கணித்தார். மீதிப் பாதி இணையாதிருக்கவே உறைதல் நிகழ்ந்துவிடுகின்றது என்பது இதில் வியப்புக்குரியது. அவருக்கு 1974இல் இரசாயன நோபெல் பரிசு கிடைத்தது.

உறைந்த களியும் மாறாநிலை உடையதன்று. களி சடுதியிற் சுருங்கக்கூடும் என டூசெக், பற்றர்சன் என்போர் 1968இல் கோட்பாட்டளவில் முன்னுரைத்தனர். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் தொயோயிச்சி தனாக்கா 1978இல் அதனைச் சோதனையிற் காட்டினார். நீரும் அசற்றோனும் கலந்த திரவத்தில் இட்ட பொலியக்கிரிலமைட்டுக் களிகளுட் புதியவை படிப்படியாகச் சுருங்கின. நாட்பட்டவையோ ஒரு குறித்த நிலையில் திடீரெனச் சுருங்கின. நாட்படுதலாற் களியில் மின்னேற்றமுள்ள கூறுகள் தோன்றியமையே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆய்வுசாலையிற் கிடந்து பழசானதே இங்குப் பயன் தந்தது!

பெரிய மூலக்கூறுகளே வலை பின்னும் என்பதுமில்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பமிலம் ஒன்று, சிறிதளவு சேர்த்துச் சூடாக்கி ஆறவிட, எண்ணெயை உறையச் செய்கின்றது. அதன் சிறு மூலக்கூறுகள் நார்களாய் அடுக்கி எண்ணெயைச் சிறைப்பிடிக்கின்றன. நிலையான பிணைப்பு இன்மையால், மீண்டும் சூடாக்க நார்கள் கரைந்து எண்ணெய் ஓடும். ஆற, மறுபடியும் உறையும். மூலக்கூற்றுக் களிகள் என்பன இவையே. தயிருக்கு இம்மீட்சி இல்லை. அதனைச் சுடவைப்பின் பால் திரும்பாது; வலை இறுகி நீரை வெளியே தள்ளிவிடும்.