பல்லழகும் ஒரு பழைய வழக்கும்

வேப்பங்குச்சியால் பல் துலக்கிய தலைமுறை நம் திருவண்ணாமலையில் இன்னும் மறைந்துவிடவில்லை. அதே ஊரில், மணப்பேச்சு நடக்கும் இல்லங்களில் இன்று ‘வெனீர்’ என்னும் சொல் அடிபடுகிறது. முன்பற்களின்மேல் மெல்லிய பீங்கான் தகட்டை ஒட்டிக் கறையையும் இடைவெளியையும் மறைக்கும் முறைக்கு அப்பெயர். இதனைப் புத்தம்புது மோகம் என்று கருதுவோர் உளர். வரலாறு அங்ஙனம் கூறவில்லை.

பண்டை அரபியர் முன்பற்களிடையே சிறு இடைவெளி இருப்பதை அழகெனப் போற்றினர். ‘ஃபலஜ்’ என்பது அதன் பெயர். வயது முதிர்ந்த மாதர் இளமைத் தோற்றம் வேண்டிப் பற்களை அரத்தால் அராவிக்கொண்டனர். இதனைக் கண்டிக்கும் நபிமொழி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அன்று இடைவெளியை உண்டாக்க அராவினர். இன்று அதனை அடைக்க அராவுகின்றனர்!

ஆயினும் அறிஞர் பெருமக்கள் அனைத்தையும் ஒரே கோலால் அளந்துவிடவில்லை. அந்நபிமொழியில் வரும் ‘அழகுக்காக’ என்னும் சொல்லில் நின்று ஆராய்ந்தார் இமாம் நவவி (மறைவு கி.பி. 1277). மருத்துவத்திற்காகவோ, பல்லிலுள்ள குறையை நீக்கவோ செய்தால் குற்றமில்லை என்பது அவர்தம் முடிவு. குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்குப் பொருத்தினார்கள். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆடும் பல்லைப் பொன்னால் கட்டலாமா என்னும் வாதத்தில் இந்நிகழ்ச்சியே சான்றாயிற்று. இமாம் அபூஹனீஃபா வெள்ளியே போதும் என்றார். அவர்தம் மாணவர் இமாம் முஹம்மது பொன்னையும் அனுமதித்தார். ஒரு பல்லுக்கு இத்துணை நுணுக்கமா என்று வியப்போர் வியக்கட்டும். பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் இடையே கோடு எங்கே என்பதல்லவா அவ்வாதத்தின் உயிர்!

குர்துபாவின் மருத்துவ மேதை ஸஹ்ராவி, பல்லின் காறையைச் சுரண்டும் கருவிகளைத் தம் ‘தஸ்ரீஃப்’ நூலில் படம் வரைந்தே காட்டினார். பொற்கம்பியால் பல் கட்டுவதையும், மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் அவர் எழுதியுள்ளார். நம் நாட்டில் 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வோம்.

வெனீரின் பிறப்போ திரைப்பட உலகில். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவின் சார்லஸ் பின்கஸ், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடும் பற்தகடுகளை நடிகர்களுக்குச் செய்தளித்தார். 1955-இல் புவோனோகோர், அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். 1980-களில் பீங்கான் தகடு நிலையாக ஒட்டப்பட்டது. இதற்காகப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமல் சீவப்படுகிறது. சீவிய எனாமல் மீண்டும் வளராது. தகடோ காலப்போக்கில் மாற்றவேண்டியது. குறையற்ற பல்லை இதற்குப் பலியிடுவது நம் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை.

ஆனால் நம் அண்டை மாவட்டமான தருமபுரியைப் பாருங்கள். நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடு, பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே எனாமலைக் கெடுத்துப் பழுப்புக் கறையை ஏற்றிவிடுகிறது. எவ்வளவு துலக்கினும் அது போகாது. வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் அப்பெண்மக்கள் நாடுவது ஒப்பனையன்று. இமாம் நவவி சொன்ன குறைநீக்கமே என்பது நம் கருத்து. அவர்களுக்கோ அதற்குரிய பணமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே பல் முளைத்துவிட்ட பெண்கள் இன்று மணப்பருவத்தில் நிற்கின்றனர்.