கிந்தா மலைகள் சொல்லும் சூட்டுக் கணக்கு



தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ ஆலயத்துக்குச் சென்றவர்கள், கோயிலையொட்டிச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்பு மலையைப் பார்த்திருப்பீர்கள். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்த சுண்ணாம்பு அது. பின்னர், சுமார் 21 கோடி ஆண்டுகளுக்கு முன், தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருகிய குழம்பாகப் பூமிக்குள் மேலேறி வந்தது. அந்தச் சூட்டில் கிந்தாவின் சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது. ஈப்போவை வளர்த்த ஈயத்தைக் கொண்டு வந்ததும் அதே கருங்கல்தான்.

எத்தனை டிகிரி சூடு? எவ்வளவு அழுத்தம்? அன்று அளந்து பார்க்க ஆளில்லை. ஆனால், கனிமங்கள் சாட்சி சொல்கின்றன. பழைய தோட்டத் தொழிலாளி, பட்டையிலுள்ள தழும்பைப் பார்த்தே அந்தப் பால்மரத்தை எப்படிச் சீவினார்கள் என்று சொல்லிவிடுவார். பாறையிலும் அப்படித் தழும்பு உண்டு.

சூடு ஏற ஏறப் பாறையில் கனிமங்கள் மாறுவதை, 1893-இல் ஜார்ஜ் பேரோ ஸ்காட்லாந்து மலைகளில் கண்டு எழுதினார். மணல் கலந்த சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 600 டிகிரியில் வோலஸ்டோனைட் என்ற கனிமத்தைத் தரும். அழுத்தம் கூடினால் அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். நார்வேயின் கோல்ட்ஷ்மிட் 1912-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். களிமண் பாறையில் மூன்று கனிமங்கள் உண்டு. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே. அழுத்தம் குறைந்தால் ஆண்டலுசைட், அழுத்தம் மிகுந்தால் கயனைட், சூடு மிகுந்தால் சில்லிமனைட்.

நம் கிந்தாவிலும் இந்த ஆய்வு நடந்தது. 1903 முதல் மலாய் கூட்டு மாநிலங்களின் அரசாங்கப் புவியியலாளராகப் பத்து காஜாவில் பணியாற்றிய ஸ்கிரிவனர், 1910-இல் கிந்தாவின் கொரண்டம் பாறைகளைப் பற்றி லண்டனில் கட்டுரை வெளியிட்டார். அலுமினியம் மிகுந்த பொருள் சூட்டில் நீரை இழந்து கொரண்டமாகிறது. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. ‘கொரண்டம்’ என்பது நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பல தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளானபோது, செக்ரோல் புத்தகங்களோடு நம் பாட்டன்மார் பெயர்களும் போய்விட்டன. பதிவேடு தொலைந்தால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். கிந்தாவின் மலைகளும் சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் உடைக்கப்படுகின்றன. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது ஆறுதல். ஆனால், அறிவிப்பு மட்டும் போதாது. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கல்லைக் காட்டுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான் நாளை அதைக் காக்கும்.