எழுத்தறியும் மூளை: மனத்தின் தனிக்கூறுகள் பிறவியில் வருபவையா?

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டாரத்தில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்களில் உள்ள எழுத்து வட்டெழுத்து. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனின் பெயரையும், அப்போது ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டையும் அவை சொல்கின்றன. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் ஜம்பைக் கல்வெட்டில் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் தருமபுரியில் வெட்டுவித்தவை கன்னடக் கல்வெட்டுகள். இன்று அம்மாவட்டத்தில் செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்கும் ஒருவர், தம் ஊர் நடுகல்லின் ஒரு வரியைக்கூடப் பயிற்சி இல்லாமல் படித்துவிட முடியாது. மனம் தனித்தனிச் சிறப்புக் கூறுகளால் ஆனது என்ற கருத்தை எடைபோட இந்த எளிய உண்மை பெரிதும் உதவும். ஒரு கூறு தனித்து இயங்குகிறது என்பதாலேயே அது பிறவியில் வந்தது என்று முடிவு கட்ட இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உள்ளத்தின் வேலைகளைப் பகுத்துப் பார்ப்பது தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்கு அந்தக்கரணங்களைச் சைவ சித்தாந்தம் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் ஆன்மாவுக்கும் கரணங்களுக்கும் உள்ள உறவை அரசனுக்கும் அமைச்சருக்கும் உள்ள உறவாகக் காட்டினார். அங்கே பிரிக்கப்பட்டது வேலை. ஒவ்வொரு வேலைக்கும் மூளையில் ஓர் இடம் குறித்துக் கொடுக்க முற்பட்டவர், 1796 முதல் வியன்னாவில் உரையாற்றிய மருத்துவர் பிரான்ஸ் யோசப் கால். அவர் 27 ஆற்றல்களை வரிசைப்படுத்தி, மண்டையோட்டின் மேடுகளைத் தடவியே அவற்றை அளந்துவிடலாம் என்றார். மண்டையோட்டு அளவை பொய்த்துப்போனது. இடம் என்ற எண்ணம் மட்டும் நிலைத்தது. 1861இல் பாரிசில் பால் புரோக்கா, பேச்சிழந்த நோயாளியின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டினார். 1892இல் அதே நகரில் யூல் தெழெரீன் விவரித்த நோயாளி இன்னும் வியப்புக்குரியவர். நன்றாகப் பேசினார், கேட்டதை எழுதினார், எண்களை அறிந்து கணக்கும் போட்டார். ஆனால் தாம் எழுதியதைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை. படிப்பு ஒன்று மட்டும் தனியே கழன்று போயிருந்தது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜெரி ஃபோடர் 1983இல் எழுதிய நூல்தான் இக்கருத்துக்கு இன்றைய வடிவம் தந்தது. ஒரு கூறு தனக்குரிய ஒரே வகைச் செய்தியைத்தான் கையாளும், விரைவாக இயங்கும், நாம் வேண்டாம் என்றாலும் இயங்கும், மூளையில் அதற்கு நிலையான இடம் இருக்கும், பழுதுபட்டால் தனக்கே உரிய முறையில் பழுதுபடும், பெரும்பாலும் பிறவியில் அமைந்திருக்கும். இந்த அடையாளங்களைப் படிக்கும் திறனோடு பொருத்திப் பார்க்கலாம். சிவப்பு மையில் ‘பச்சை’ என்று எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் படித்தவர் தடுமாறுவார். எழுத்தைப் படிக்காமலிருக்க அவரால் முடிவதில்லை என்பதை உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935இல் காட்டினார். இடமும் நிலையானது. இடது மூளையின் அடிப்புறத்தில், பிடரிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் கூடுமிடத்தில், எழுதப்பட்ட சொல்லுக்கு விழித்தெழும் பகுதி ஒன்றை லொரான் கோவென், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2000இல் அடையாளம் காட்டினர். சீனமானாலும் இந்தியானாலும் ஆங்கிலமானாலும் ஏறக்குறைய அதே இடம்தான். பழுதுபடும் முறைக்குத் தெழெரீனின் நோயாளியே சாட்சி. இத்தனை அடையாளங்களும் பொருந்துகின்றன. கடைசி அடையாளம் மட்டும் பொருந்துவதே இல்லை. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மாந்தருள் மிகப் பெரும்பாலோர் அண்மைக்காலம் வரை எழுத்தறியாதவர்கள். பரிணாமம் இதற்கென ஓர் உறுப்பைச் செதுக்கக் காலமும் இல்லை, காரணமும் இல்லை. வட்டெழுத்து வழக்கொழிந்தபின் அதைப் படிக்கும் திறனும் அந்த மண்ணிலிருந்து மறைந்தது, மக்கள் மறையவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுத்துக்கென ஒதுங்கிய அந்த இடம் முன்பே முகங்களையும் பொருள்களின் வடிவங்களையும் இனங்காணப் பயன்பட்டது. படிப்பு அந்தப் பழைய கூற்றை எடுத்துக்கொள்கிறது என்று தெஹேனே வாதிடுகிறார். அப்படியானால் அடித்தளம் பிறவிதானே என்று கேட்கலாம். பாதி சரி. எந்த இடம் என்பதைப் பிறவி வரையறுக்கிறது. அந்த இடம் என்ன வேலை செய்யும் என்பதைப் பள்ளியும் பலகையும் முடிவு செய்கின்றன. தெஹேன் குழு 2010இல் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளின் 63 பேரை ஆராய்ந்தபோது, படிக்கத் தெரிந்தவர்களிடம் அவ்விடம் முகங்களுக்குக் காட்டும் எழுச்சி சற்றுக் குறைந்து, எழுத்துக்குக் காட்டும் எழுச்சி மிகுந்திருந்தது. பேச்சைக் காட்டி மறுப்போர்க்கு வேறு விடை தேவை. எந்தக் குழந்தையும் சூழலில் கேட்டாலே பேசக் கற்றுவிடுகிறது. பேச்சுக்குப் பிறவி ஆயத்தம் இருப்பதை மறுக்க நான் முயலவில்லை. பேச்சைப் பற்றிய முடிவை மனத்தின் எல்லாக் கூறுகளுக்கும் நீட்டுவதையே மறுக்கிறேன். வளரும் குழந்தைகளை ஆராய்ந்த அனெட் கார்மிலோஃப்-ஸ்மித் 1992இல் சொன்னது இங்கே பொருந்தும்: கூறுகள் வளர்ச்சியின் தொடக்கத்தில் இருப்பவை என்று கொள்வதைவிட, அதன் விளைவாகப் படிப்படியாக உருவாகின்றவை என்று கொள்வதே தகும்.

குழந்தைப் பருவத்தில் உருவாகாதது பிறகு உருவாகாது என்றும் சொல்லப்படலாம். அதை ஏற்பதற்கில்லை. 2010 ஆய்வில் வளர்ந்தபின் எழுத்தறிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் அப்பகுதி, அளவில் குறைந்தாலும், எழுத்துக்கு விழித்தெழுந்தது. லக்னோவுக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் ஆறு மாதம் தேவநாகரி கற்ற பெரியவர்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, மூளைத்தண்டு, தலாமசு போன்ற ஆழ்ந்த பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையிலான இணைப்பே வலுப்பெற்றதைக் காட்டியது. தருமபுரிக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு அம்மாவட்டத்தில்தான், சுமார் 68.5 சதவீதம், மாநில அளவு ஏறத்தாழ 80. பெண்களிடம் அது 60 சதவீத அளவிலேயே நின்றது. இந்த இடைவெளியை அங்குள்ளோரின் மூளையில் ஏதோ ஒன்று குறைவதாக விளக்க எந்தச் சான்றும் இடம் தரவில்லை. கற்பித்தல் சென்று சேராத இடத்தில் அந்தக் கூறு உருவாகவில்லை. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது கற்பித்தாலும் அது உருவாகத் தொடங்கும்.