குழந்தைகள் தூங்க நிறுத்தப்பட்ட ஒளிபரப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. சிறுவர் நிகழ்ச்சிகள் முடிந்ததும் திரை வெறுமையாகிவிடும். பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் 7 மணிக்குத்தான் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பெற்றோர் சிறு பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும், பெரிய பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் உட்கார வேண்டும் என்பதே நோக்கம். 'டாட்லர்ஸ் ட்ரூஸ்' என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு 1957 வரை நீடித்தது.

அன்றைய சூழலும் இதற்குத் துணை நின்றது. நாட்டில் இருந்தது பிபிசி என்ற ஒரே ஒளிபரப்பு நிறுவனம். தொலைக்காட்சி இருந்த வீடுகளிலும் பொதுவாக ஒரே பெட்டி, அதுவும் எல்லோரும் கூடும் அறையில். பிபிசி உரிமக் கட்டணத்தில் இயங்கியதால், ஒரு மணி நேரம் ஒளிபரப்பை நிறுத்துவதால் அதற்கு நட்டமில்லை.

1955 செப்டம்பரில் விளம்பர வருவாயை நம்பிய ஐடிவி தொடங்கியதும் நிலைமை மாறியது. தொடக்க காலத்தில் நட்டத்தில் தவித்த அதன் நிறுவனங்களுக்கு, குடும்பங்கள் வீட்டில் கூடியிருக்கும் மாலை வேளை கைநழுவிப்போவது பேரிழப்பு. ஒளிபரப்புக்குப் பொறுப்பான போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் சார்லஸ் ஹில்லும் இந்த விதியை விரும்பவில்லை. அவர் ஒரு மருத்துவர். போர்க்காலத்தில் பிபிசி வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசிப் புகழ்பெற்றவர். பிள்ளையைத் தூங்கவைப்பது பெற்றோரின் பொறுப்பு, அரசின் வேலையல்ல என்பது அவர் கருத்து. 1957 பிப்ரவரி 16 அன்று விதி முடிவுக்கு வந்தது. அன்று மாலையே பிபிசி இளைஞர்களுக்கான 'சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல்' இசை நிகழ்ச்சியை அந்த நேரத்தில் ஒளிபரப்பியது.

திரைக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகளும் வெளிவந்தன. ஆய்வாளர் ஹில்டே ஹிம்மல்வைட் குழுவினர் 1958இல் வெளியிட்ட 'டெலிவிஷன் அண்ட் த சைல்ட்' நூல், பெட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகவே படுக்கச் சென்றார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழு மெலடோனினைப் பிரித்தெடுத்தது. இருட்டத் தொடங்கியதும் மூளையின் பினியல் சுரப்பி சுரக்கும் இந்த ஹார்மோன்தான் இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்துகிறது. பிரகாசமான ஒளி மனிதரிடம் இச்சுரப்பை அடக்குகிறது என்பது 1980இல் நிறுவப்பட்டது. கண்ணருகே பிடிக்கும் கைபேசியின் நீல ஒளி இவ்வகையில் கவலை தருகிறது. அதோடு, பார்ப்பதில் உண்டாகும் பரபரப்பும், தூங்க வேண்டிய நேரத்தைத் திரை விழுங்கிவிடுவதும் உறக்கத்தைக் கெடுக்கின்றன.

பின்னர் வந்த விதிகளும் அறிவுரைகளும் வெவ்வேறு வழிகளில் சென்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1999இல் 2 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொலைக்காட்சி வேண்டாம் என்றது. தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் திரையைத் தவிர்க்குமாறு 2016இல் அறிவுறுத்தியது. தென் கொரியா சட்டத்தையே நாடியது. 2011 நவம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழையத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் சில பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே போனார்கள். கைபேசி விளையாட்டுகளோ சட்டத்துக்கு வெளியே இருந்தன. 2022 தொடக்கத்தில் அச்சட்டம் விலக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது. 3, 4 வயதினருக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை.

ஒளிபரப்பு ஓரிடத்திலிருந்து வந்த காலத்தில் ஒரு விதியே நாடு முழுவதும் திரையை அணைக்கப் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு கையிலும் திரை இருக்கும் காலத்தில் சட்டம் எட்டும் தூரம் குறுகிவிட்டது. பிள்ளையின் உறக்கத் தேவை மட்டும் குறையவில்லை. அந்த நேரத்தைக் காக்கும் வேலை இப்போது பெரும்பாலும் வீட்டைச் சேர்ந்ததாகிவிட்டது. படுக்கையறைக்கு வெளியே கைபேசியை வைப்பதைப் பெரியவர்களும் கடைப்பிடித்தால்தான் பிள்ளைகளிடமும் அது நிலைக்கும்.