மேய்க்கால் புறம்போக்கு பிறந்த கதை

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் புரட்டினால், பட்டாதாரர் பெயர்களோடு வரிசையாக ஓடும் சர்வே எண்களுக்கு நடுவே யார் பெயரும் இல்லாத சில எண்கள் தட்டுப்படும். களம், வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்க்கால். ஊர் என்ற அமைப்பு ஆடுமாடுகளுக்குச் செய்த மிகப் பழைய உதவி இந்த மேய்க்கால்தான். கடனும் மானியமும் தடுப்பூசியும் வெகுகாலம் கழித்து வந்தவை.

சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது அந்த ஊரில் அடங்கியதையெல்லாம் அடுக்கிச் சொல்லும். மன்று, குளம் என்று போகும் அந்த அடுக்கில் கன்றுமேய்பாழும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கன்று மேய்வதற்கென்று உழாமல் விட்ட நிலம் இருந்திருக்கிறது. அதைச் செம்பில் வெட்டி வைக்கும் அளவுக்கு மதித்தும் இருக்கிறார்கள்.

வழக்கமாக இருந்தது கணக்கேட்டில் ஏறியது கிழக்கிந்தியக் கும்பெனி காலத்தில். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) கைமாறியதும், கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே வயல்களை அளந்து, உழுகிறவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். 1820-இல் மன்றோ சென்னை கவர்னரான பின் அந்த ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. பிறகு நில அளவை வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் விழுந்தது. எண் விழுந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட ஓர் ஆள் வேண்டும். ஊரே மாட்டை ஓட்டிவிடும் நிலத்துக்கு யார் கட்டுவது? ஒருவர் தலையில் கட்டினால் நாளைக்கு அவரே பட்டா கேட்பார். ஆகவே அது தீர்வைக்கு வெளியே, புறம்போக்காக எழுதப்பட்டது.

இதில் கருணை என்று எதுவும் இல்லை. ஏர் உழவும், கவலை இறைக்கவும், வண்டி இழுக்கவும், வயலுக்கு எரு போடவும் மாடுதான். மாடு மெலிந்தால் விளைச்சல் படுக்கும், தீர்வையும் படுக்கும். சர்க்காருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மேய்ச்சலுக்கு இருந்த மற்ற வழிகளை அதே சர்க்கார்தான் அடைத்தது. 1871-இன் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்த மாடு பட்டிக்குப் போனது; அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. வயலும் காடும் மூடிய பிறகு, நிலமில்லாதவரின் ஆட்டுக்கு மிச்சம் இருந்தது மேய்க்கால் ஒன்றுதான்.

விடுதலைக்குப் பின் வந்த ஊராட்சிச் சட்டங்கள் மேய்ச்சல் நிலத்தையும் மந்தையையும் களத்தையும் தோப்பையும் கிராம ஊராட்சியின் பொறுப்பில் விட்டன. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருக்கிறது. ஆனால் பதிவேடு வருவாய்த் துறையிடம். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரமும் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அந்தத் துறையிடமே. காவல் காக்கச் சொன்னார்கள், கையில் கம்பு கொடுக்கவில்லை. மேய்க்கால் கரைந்ததற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் முடிவு. பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டதுண்டு. அரசும் தன் பங்குக்கு அலுவலகம் கட்ட, மனைப்பட்டா கொடுக்க இடம் தேடியபோதெல்லாம் மேய்க்காலைத்தான் பார்த்தது. மிஞ்சிய இடத்தில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள்; பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வைத்தார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் நிலமில்லாத ஒரு பெண் அந்த நான்கு ஆட்டையும் எங்கே ஓட்டிப் போவார்? கொங்குப் பக்கம் காங்கேயம் மாடு இன்றும் நிற்கிறதென்றால், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமுமாகச் சொந்தமாகக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை வைத்துக் காப்பாற்றிய குடியானவர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. கொரங்காடு இல்லாதவருக்கு ஊர் நிலத்தை விட்டால் போக்கிடம் இல்லை.

அதே 2011-இல், ஜனவரி 28 அன்று, ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பை அகற்றி ஊராருக்கே மீட்டுத் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பஞ்சாபில் ஒரு குளத்துக்காகத் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பு நம்மூர் மேய்க்காலுக்கும் பொருந்தும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன் உங்கள் ஊர் மேய்க்காலின் சர்வே எண்ணையும் பரப்பையும் 'அ' பதிவேட்டிலிருந்து எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தரையில் எவ்வளவு மிச்சம் என்று சபையில் கேளுங்கள். அளந்து கல் நடவும், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துப் புல் விதைக்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் பெண்களையும் கூட்டிப் போங்கள். அந்த நிலத்தின் நான்கு எல்லையும் அவர்களுக்குத் தெரியும்.